ஃப்ரீ என்று நாம் சொல்வதெல்லாம்

அன்புள்ள மகன் மாதேசுக்கு அப்பா எழுதுவது.

பிரித்ததும் கோழி கிளறிய இடம் போல இருக்கிறதே என்று பயந்துவிடாதே. இது என் கையெழுத்துதான். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ஓர் இடத்தில் மேலே ஏறுகிறது, இன்னோர் இடத்தில் சரிந்து அடுத்த வரியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இத்தனை வருஷம் டீ ஆற்றிய கை. எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாலும் ஒரு சொட்டு சிந்தாது. அதே கையில் பேனாவைக் கொடுத்தால் குளிர்காய்ச்சல் வந்தவன் கை போல ஆடுகிறது. ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் கடை வாசலில் இருந்த வெயில் அடுப்பு வரைக்கும் வந்துவிடுகிறது. கோபப்படாமல் பொறுமையாகப் படி. மேலே உன் பெயரை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வைத்த பெயர்தான், ஆனால் அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது. குட்டையான, உறுதியான பெயர்.

போனில் பேசாமல் எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். போனில் பேசினால் நம் கடைப் போன் கத்துகிற கத்தலில் உன் அம்மா அடுப்படியிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிடுவாள். இது அவள் கேட்கக் கூடாத சங்கதி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னோடு வகுப்புக்கு வா என்று எவ்வளவோ கூப்பிட்டேன். “எனக்கு எதுக்குங்க? இந்த அடுப்பு எழுத்தா கேக்குது, வெறகுதான கேக்குது” என்று சொல்லிவிட்டாள். அவள் வராததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் இன்றைக்கு மட்டும் அது எனக்கு வசதியாகப் போயிற்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள், நான் அவள் கண் முன்னாலேயே இதை எழுதுகிறேன். “மவனுக்கா எழுதுறீங்க? மருமவ மாசமா இருக்கா, பத்திரமா பாத்துக்கச் சொல்லுங்க” என்கிறாள். சொல்லிவிட்டேன். இனி என் சங்கதிக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை தொப்பூர் கணவாயில் உன் லாரி இறங்கிய விதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வகுப்பில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நசீமா டீச்சரை உனக்குத் தெரியும், டயர் கடை பாயின் மகள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதே பெஞ்சில் எங்களை உட்கார வைக்கிறது அந்தப் பெண். அது சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. எங்கள் முழங்கால் தாடையில் வந்து இடிக்கும். போன வாரம் ஒரு நாள், கடலைக்காய் உரிக்கப் போகிற மாதம்மா நேரம் கழித்து மூச்சிரைக்க வந்தது. கேட்டதற்கு, “ஃப்ரீ பஸ்சு நிக்காம போயிட்டான் டீச்சர்” என்றது. உடனே டீச்சருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. கரும்பலகையில் ‘ஃப்ரீ’ என்று பெரிதாக எழுதி, “இதை நாம ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்! எங்கெங்க சொல்றோம், அங்கெல்லாம் நம்ம வார்த்தை என்னன்னு பாக்கலாங்களா?” என்று கேட்டது. முதலில் இருந்த மூன்று புள்ளியைப் பார்த்துவிட்டு ஆடு மேய்க்கிற சின்னசாமி, “என்னங்க டீச்சர், அடுப்புக்கல்லைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க, சோறாக்கப் போறமா?” என்றான்.

பிறகு அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். “பஸ்சு ஃப்ரீதான் டீச்சர், கண்டக்டர் மூஞ்சிதான் ஃப்ரீ இல்ல. சீட்டு வாங்குனவங்களுக்குப் பல்லைக் காட்டுறான், என்னையப் பாத்தா அவன் பாட்டன் சொத்தை எழுதி வாங்கினாப்புல பாக்குறான்” என்றது மாதம்மா. அதற்கு இலவசம் என்று எழுதச் சொன்னது டீச்சர். சின்னசாமி கையைத் தூக்கினான். “காலையில வயிறு ஃப்ரீயா போயிட்டா அன்னிக்குப் பூரா நாந்தாங்க ராசா. அதுவும் இலவசந்தானுங்களா?” டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “இல்லைங்க ஐயா, அதுக்குத் தடையில்லாமன்னு எழுதுங்க.” சோப்பு வாங்கினால் கூடக் கொடுக்கிற டப்பா ஃப்ரீ, அது கொசுறு. பொங்கலுக்கு நீ எடுத்துக் கொடுத்த சட்டை எனக்கு ஃப்ரீயாக இருக்கிறது, அது தளர்வு. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீ, அது ஓய்வு. நட்டு ஃப்ரீயாகச் சுற்றுகிறது என்றால் முடுக்கவில்லை என்று அர்த்தம். ஃப்ரீயாகப் பேசு என்றால் கூச்சப்படாதே என்று அர்த்தம். ஜெயிலிலிருந்து வந்தால் விடுதலை. இத்தனை வார்த்தை நம்மிடம் இருக்கிறது மாதேசு. எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டு, ஒரே கரண்டியை எடுத்து எல்லாப் பாத்திரத்திலும் விட்டுக் கிண்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஆச்சரியமாக இருந்தது. இந்த வயதில் ஒரு வார்த்தையைப் பிரித்துப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நான் அப்போதே பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பேன்.

ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னது டீச்சர். நான் எழுதியது இது: ‘தொப்பூர் கணவாயில் டிரைவர்கள் வண்டியை ஃப்ரீயாக விட்டு இறங்குவார்கள்.’ டீச்சருக்குப் புரியவில்லை. கியரைக் கழற்றி நியூட்ரலில் போட்டுவிட்டால் வண்டி பாரத்துக்குத் தானாக இறங்கும், டீசல் மிச்சமாகும், சில பேர் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். “அப்ப இந்த ஃப்ரீக்கு என்ன வார்த்தைங்க ஐயா?” என்று கேட்டது. இலவசம் என்று சொல்ல வாய் வந்தது, டீசல் மிச்சமாகிறதே. ஆனால் அது சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. “நாளைக்குச் சொல்றேங்க டீச்சர்” என்று வந்துவிட்டேன். அந்த நாளை, வியாழக்கிழமை.

நம் கடை எங்கே இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ தவழ்ந்த இடம். கணவாய் இறங்கி முடிகிற கடைசி வளைவு நிமிர்கிற இடம். அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு வண்டி கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் படும். கியரில் வருகிற வண்டி முனகிக்கொண்டே வரும், சுமை தூக்கிக்கொண்டு படி இறங்குகிற ஆள் போல. ஃப்ரீயில் வருகிற வண்டிக்கு அந்த முனகல் கிடையாது. டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் மட்டும் வரும், ஒரு பெரிய துணியை யாரோ இழுத்துக்கொண்டு போவது போல. அன்றைக்கு மதியம் அந்தச் சத்தம்தான் கேட்டது. எவனோ ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டு கிளாஸ் கழுவினேன். அப்போதுதான் அந்த இரண்டு ஹாரன். நம் கடையைத் தாண்டும்போது நீ எப்போதும் அம்மாவுக்காக அடிக்கிற ஹாரன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்து கையைத் தூக்கினாள். உன் வண்டி ஓசூர் லோடோடு எங்களைத் தாண்டிப் போயிற்று. முனகல் இல்லை. பிரேக் சூடேறின வாடை மட்டும் பின்னால் வந்தது. “மவன் ஹாரன் அடிச்சிட்டுப் போறான், கையைக் காட்டாம மரமாட்டம் நிக்கிறீங்களே” என்று உன் அம்மா என்னைத் திட்டினாள். அவள் முகத்தில் அவ்வளவு சிரிப்பு. நான் உள்ளே போய் மிச்சக் கிளாஸைக் கழுவினேன். அவளுக்கு இருப்பதே வாரத்துக்கு அந்த இரண்டு ஹாரன்தான்.

நம் கடை வாசலை ஒட்டி ஒரு மஞ்சள் போர்டு நிற்கிறதே, உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கம்பத்துக்கும் நம் கூரைக்கும் கயிறு கட்டித்தான் உன் அம்மா துணி காயப் போடுகிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊர் பெயரும் தூரமும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது ஓமலூருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் அந்தப் போர்டைக் கை காட்டிவிட்டு டீ ஆற்றுவேன். அவர்களும் பார்த்துவிட்டு, ஒரு மாதிரி என்னையும் பார்த்துவிட்டுப் போவார்கள். எழுத்து கூட்டத் தெரிந்த பிறகு நான் முதன்முதலில் வாசித்த போர்டு அதுதான். ‘வாகனத்தை நியூட்ரலில் இயக்காதீர். கியரில் செல்லவும்.’ வாசித்து முடித்ததும் துள்ளிக் குதித்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு அவள் புடவையை ஒதுக்கிவிட்டு மறுபடியும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஒரு தப்பு இல்லை. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷம் கசக்கிறது. அந்தப் போர்டைப் படிக்கத் தெரியாதவன் நான் ஒருத்தன், நான் வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் படிக்கத் தெரியும்.

அந்த ஆந்திரா டிரைவரை உனக்கு நினைவிருக்கிறதா? டைல்ஸ் லோடு கொண்டு வருவாரே, பெரிய மீசை, தெலுங்கும் தமிழும் கலந்து பேசி உன் அம்மாவை ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டு ஊறுகாய் கேட்பாரே. அவர் போனது உனக்குத் தெரியும், எப்படிப் போனார் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கும் அந்தத் துணி இழுக்கிற சத்தம்தான். பிறகு விடாமல் ஹாரன். வளைவில் வண்டி தெரிந்தபோது சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இறக்கம் முழுக்கப் பிரேக்கையே மிதித்து மிதித்து அது சூடேறி, பிடிக்காமல் போய்விட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீட்டி இருந்தது. அது எங்களை உதவிக்குக் கூப்பிடவில்லை. ஒதுங்குங்கள், ஒதுங்குங்கள் என்று ஆட்டிக்கொண்டே போயிற்று. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துத்தான் பின்னால் ஓடினோம். பாலத்தில் போய் முட்டியது. அவர் சாமர்த்தியமான டிரைவர். உன்னைவிடச் சாமர்த்தியமானவர் என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த வார்த்தை எனக்கு வியாழக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. வகுப்புக்கு நடந்து போகும்போது கிடைத்தது. உனக்கு நான் சைக்கிள் பழக்கினேனே, டீக்கடைக்குப் பின்னால் கோயில் மேட்டில். கேரியரைப் பிடித்துக்கொண்டு உன் பின்னாலேயே ஓடி வருவேன். “விட்றாதீங்கப்பா, விட்றாதீங்கப்பா” என்று கத்துவாய். ஒரு நாள் நீயே, “விடுங்கப்பா” என்றாய். விட்டேன். மேட்டிலிருந்து பெடல் மிதிக்காமல் இறங்கினாய், இரண்டு கையையும் தூக்கிவிட்டு, “அப்பா பாருங்க, ஃப்ரீயா வருது, ஃப்ரீயா வருது!” என்று கத்தினாய். நான் கை தட்டினேன். எந்த அப்பனும் தட்டியிருப்பான். அந்தக் காற்று முகத்தில் அடிக்கிற சுகம் எனக்கும் தெரியும். வண்டி கியரில் இருக்கும்போது இன்ஜின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறது, கேரியரைப் பிடித்துக்கொண்டு நான் ஓடி வந்த மாதிரி. கியரைக் கழற்றினால் அந்தப் பிடி போய்விடுகிறது. இலவசம் இல்லை, ஓய்வு இல்லை, விடுதலையும் இல்லை. ‘பிடி விட்டது’ என்று எழுதிக் காட்டினேன். டீச்சர் வாசித்துவிட்டு, “சரியா இருக்குங்க ஐயா” என்று சிவப்பு மையில் டிக் போட்டது. நான் வாழ்க்கையில் வாங்கிய முதல் டிக். அதை உன் அம்மாவிடம்கூடக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன், நினைவிருக்கிறதா? அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். “கண்ணு, கணவாய்ல கியர்லதான வர்ற?” என்று கேட்டேன். நீ சிரித்தாய். “எல்லாரும் அப்படித்தாம்பா வர்றாங்க. ஓனர் டீசலை அளந்து ஊத்துறாரு. மிச்சம் புடிக்கிறது நமக்கு. புள்ளை பொறக்கப் போவுது, செலவு இருக்குதில்ல” என்றாய். நான் ஆந்திரா டிரைவரைப் பற்றி ஆரம்பித்தேன். “எனக்கு அந்த ரோடு அத்துப்படிப்பா. நீங்க சும்மா எதையாவது நெனைச்சுக்காதீங்க. ஃப்ரீயா விடுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இதை நான் வகுப்பில் எழுத மறந்துவிட்டேன். ஃப்ரீயாக விடு என்றால் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். அதற்குத் தமிழில் எத்தனையோ வார்த்தை இருக்கும். என்னால் அதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியவில்லை.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். ஓனர் மாற மாட்டார். கணவாயின் சரிவு குறையப் போவதில்லை. மைக் வைத்துச் சொல்கிறார்கள், போர்டு வைத்துச் சொல்கிறார்கள், போலீஸ் நின்று சொல்கிறது. அவர்கள் தலை மறைந்ததும் அடுத்த வளைவில் கியரைக் கழற்றுகிறார்கள். நான் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தர்கூட சாக வேண்டும் என்று இறங்கவில்லை. எல்லாருக்கும் வீட்டில் ஒரு செலவு இருக்கிறது. அத்தனை பேர் சொல்லிக் கேட்காதது, கோணல்மாணலாக எழுதின ஒரு கிழவன் கடிதத்துக்குக் கேட்கும் என்று நம்புகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. இதை நீ படிப்பாய், அப்பாவுக்கு எழுத வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவாய், மருமகளிடம் காட்டுவாய், மடித்துப் பையில் வைப்பாய். வியாழக்கிழமை கணவாயின் உச்சியில் உன் கை தானாகக் கியருக்குப் போகும். கைக்குப் படிக்கத் தெரியாது.

ஆனாலும் ஒரு காரியம் செய்யலாம் என்று இருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன், கம்பைநல்லூர் விலாசத்தையும் நானே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவதை அனுப்ப மாட்டேன். வாரா வாரம் ஒன்று எழுதுவேன், எழுதி அம்மா கட்டுகிற புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கடையில் வைத்திருப்பேன். வேண்டுமானால் நீ வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வண்டியை நம் கடை வாசலில் நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டுமானால் உச்சியிலிருந்தே கியரில் இறங்கி வர வேண்டும். ஃப்ரீயில் வருகிற வண்டியை அந்த வளைவில் யாரும் நிறுத்த முடியாது, அது உனக்கும் தெரியும். நீ நிறுத்துவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. மிட்டாய்க்கு ஆசைப்பட்டு டப்பா முன்னால் வந்து நிற்கிற குழந்தையா நீ? தாள்கள் பாட்டுக்குப் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் சேர்ந்துகொண்டே போகலாம். போகட்டும், கையெழுத்தாவது திருந்தும்.

அடுத்த கடிதத்தில் பிறக்கப் போகிற பிள்ளைக்கு இரண்டு மூன்று பெயர் எழுதி வைக்கிறேன். பையனுக்கும் எழுதுவேன், பெண்ணுக்கும் எழுதுவேன். எழுதிப் பார்த்து, கண்ணுக்கு நன்றாக இருப்பதை மட்டும் வைப்பேன். வியாழக்கிழமை மதியம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பேன். உன் அம்மா ஹாரனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். நான் அதற்கு முன்னால் வரவேண்டிய முனகல் சத்தத்துக்காக.

உன் அப்பா